துத்தநாகம் செம்பாகும் கணக்கு

ஜூலை 2, செவ்வாய்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "என்ன சாப்பிடுறீங்க, எப்போ குமட்டுது, ரெண்டையும் தேதி போட்டு எழுதிட்டு வாங்க. மாத்திரையை அப்புறம் பார்ப்போம்" என்றார். உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லாமலா ஒரு மனிதனுக்கு நாள் முழுக்கத் தொண்டைக்குழியில் புளித்த நீர் நிற்கும்?

காலை: ரயிலில் இட்லி. ஒன்றின் அடியில் பொட்டலத் தாளின் எழுத்து தலைகீழாகப் பதிந்திருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். மதியம்: எதுவும் இல்லை. மாலை: விடுதியில் பாகு போல ஒரு தேநீர். குமட்டல்: அறைக் கதவைத் திறந்தபோது.

துகள் முடுக்கி மையத்தின் விருந்தினர் விடுதி மலைச்சரிவில் இருக்கிறது. மகாராஷ்டிராவின் மழை அதன் சுவர்களுக்குள்ளேயே பெய்கிறது போலும். கூரையின் மூலையில் பச்சைப் பூஞ்சை. இரண்டு கட்டில்கள். ஒன்றில் ஒருவர், வெடித்த குதிகாலைச் செய்தித்தாள் மேல் வைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து அதே கையை நீட்டினார்.

"வாங்க சார், வாங்க. நீங்கதான் கணக்குப் போடுத நந்தகோபாலா? நான் அளந்து பாக்குத ஆளு. தேவசகாயம், பாளையங்கோட்டை."

கை கொடுத்தேன். பிறகு குளியலறைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். கற்பூர நெடி போகவில்லை.

தனி அறை கேட்டேன். இல்லையாம்.

ஜூலை 3, புதன்

விடிவதற்கு முன் தேவசகாயம் தொண்டையைச் சுத்தம் செய்கிறார். அதை எழுத்தில் சொல்ல முடியாது. குழாயில் அடைத்த எதையோ கம்பி விட்டு இழுப்பது போன்ற சத்தம், பின்பு ஒரு வெற்றிச் செருமல்.

காலை: போஹா என்கிற மஞ்சள் அவல். அதில் சர்க்கரை. குமட்டல்: லேசாக.

பிறகு முடுக்கிக் கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அங்கே காற்றில் ஓசோன் நெடி. எரிந்த ஒயரும் நீச்சல்குள நீரும் சேர்ந்தது மாதிரி. நான் கோட்பாட்டாளன், என் வேலைக்கு வாசனை கிடையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

டாக்டருக்குப் புரிவதற்காக எழுதி வைக்கிறேன். எலக்ட்ரான்களை வேகப்படுத்தி ஒரு உலோகத் தகட்டில் மோதவிட்டால் காமாக் கதிர் கிளம்பும். அந்த ஒளித்துகள் ஒன்று துத்தநாக அணுக்கருவுக்குள் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது துத்தநாகம் அல்ல, செம்பு. சாதாரணச் செம்பும் அல்ல. சில நாட்களில் சிதையும் செம்பு-67. அதைப் புற்றுநோய்க் கட்டிக்குள் அனுப்பினால் கட்டியை உள்ளிருந்தே சுடும். எத்தனை துகள் விட்டால் எவ்வளவு செம்பு கிடைக்கும் என்பதுதான் கேள்வி. என் கணக்கு ஒரு வளைகோடாக அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. என் வழிகாட்டி வசுந்தரா மேடம் அரசுக்கு அனுப்பிய திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த வளைகோடு இருக்கிறது. அதை நம்பி ஒரு மருத்துவமனை அறக்கட்டளை இயந்திரம் வாங்கத் தயாராக இருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் அளந்து, ஆகஸ்டு 9 அன்று சென்னையில் ஆய்வுக் குழு முன் காட்ட வேண்டும்.

ஒன்பது வருடமாக மேடத்திடம் இருக்கிறேன். முதலில் மாணவன், இப்போது ஒப்பந்த ஆராய்ச்சியாளன். மேடத்தின் மேசையில் ஒரு காகிதம் கோணலாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் பேசுவார். நிரந்தர வேலை பற்றி வாக்குக் கொடுத்ததில்லை. ஆனால் "அது உன் நாற்காலி, நந்து" என்று சொல்லியிருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

கருவாட்டுத் தொக்கு. சாப்பாட்டு மேசையில், என் தயிர்சாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில், தேவசகாயம் அந்த பாட்டிலைத் திறந்தார். இதற்கு மேல் எழுத முடியாது.

ஜூலை 6, சனி

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. இதை நான் அவரிடம் சொன்னது தகவலாகத்தான். அவர் உடனே பாட்டிலை மூடி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதிய சார். இந்தச் சர்க்கரைப் பருப்பை வேற எப்பிடித் திங்கது?" இன்று வேறு மேசையில் போய் உட்கார்ந்தார். நிம்மதி. ஆனாலும் அவர் பல்லை உறிஞ்சும் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

இன்று முதல் தடவை தகடுகளைக் கதிரில் வைத்தோம். வைத்தது அவர். கூடத்துக்குள் இந்த மனிதர் வேறு ஆளாக இருக்கிறார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அறையில் ஈரத் துண்டை என் நாற்காலியில் போடுகிறவர், இங்கே கையுறையைப் போட்டுக்கொண்டு, இடுக்கியால் துத்தநாகத் தகட்டை எடுத்து, ஓரத்தைக்கூடத் தொடாமல் வைக்கிறார். அதன் முதுகில் ஒட்டினாற்போல் ஒரு சின்னத் தங்கத் தகடு.

"தங்கம் எதுக்கு?" என்றேன். தெரியும்; பேச்சுக்குக் கேட்டேன்.

"தங்கத்துல என்ன நடக்கும்னு ஊர் உலகம் பூரா அளந்து வச்சிருக்கு சார். ரெண்டு தகட்டையும் ஒரே கதிர் கடந்து போவுது. தங்கத்துல எவ்வளவு மாறியிருக்குன்னு பாத்தா, எத்தனை துகள் வந்துச்சுன்னு தெரிஞ்சிரும். அது ஒண்ணுதான் நமக்கு அளவுகோல்."

இரவு: பழம் மட்டும். குமட்டல்: இல்லை.

ஜூலை 8, திங்கள்

தகடுகள் இப்போது எண்ணும் அறையில் இருக்கின்றன. ஈயச் செங்கல் கூண்டுக்குள் ஒரு உணர்கருவி, அதற்குள் தகடு. திரையில் செம்பின் சிகரம் மெல்ல மெல்ல எழுந்து வந்தது. அழகாகத்தான் இருந்தது. துத்தநாகத்தைப் போட்டோம், செம்பு எட்டிப் பார்க்கிறது.

தேவசகாயம் காதைச் சாவியால் குடைந்தபடி கணக்குப் போட்டார். பிறகு சாவியைக் கீழே வைத்தார்.

"கம்மியா இருக்கே சார்."

"எவ்வளவு?"

"உங்க கோட்டுல அறுவது சதவீதம். ஒரு புள்ளி இல்ல, எல்லாப் புள்ளியும் அப்பிடித்தான் நிக்கி."

ஏதாவது தப்பு நடந்திருக்கும் என்றேன். "இருக்கலாம். மறுபடி பாப்போம்" என்றார். அவருக்குக் கோபமே வரவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம்: சாதம், ரசம் என்று பெயரிட்ட ஏதோ ஒன்று. குமட்டல்: மாலை முழுவதும். ரசம் காரணமாக இருக்கலாம்.

ஜூலை 9, செவ்வாய்

மேடத்துக்கு போன் செய்தேன். அறுபது என்று சொன்னதும் மறுமுனையில் பேனா மூடும் சத்தம்.

"தேவசகாயம் நல்ல மனுஷர், நந்து. ஆனா கொஞ்சம் பழைய மாதிரி ஆள். அளவீடு செட்டில் ஆக டைம் எடுக்கும். நீ கூடவே இரு. உன் கர்வ் மேல எனக்குச் சந்தேகமே கிடையாது."

அந்தக் குரலைக் கேட்டதும் நல்ல பீங்கான் கோப்பையில் காபி குடித்த மாதிரி இருந்தது. பிறகு அறைக்கு வந்தால், ஜன்னல் கம்பியில் மூன்று பனியன்கள். மழையில் உலராமல், நாய்க்குட்டி நாற்றத்தோடு.

ஜூலை 10, புதன்

மழை. கூடத்தில் வேலை இல்லை. பொழுது போகாமல், சும்மா, ஒன்று செய்து பார்த்தேன்.

இயந்திரத்திலேயே ஒரு மின்னோட்ட மீட்டர் இருக்கிறது. தங்கத்தை விட்டுவிட்டு அதை வைத்தும் துகள்களை மதிப்பிடலாம். ஆனால் மீட்டர் காட்டுவதில் எவ்வளவு வழியில் சிதறிப்போகிறது, எவ்வளவு தகட்டை அடைகிறது என்பது தெரியாது. அதற்கு நாமாக ஒரு எண்ணைப் போட வேண்டும். என்ன எண் போடுகிறோமோ அதற்கேற்பப் புள்ளிகள் ஏறும், இறங்கும். நாற்பது சதவீதம் வழியிலேயே போகிறது என்று போட்டேன். எல்லாப் புள்ளிகளும் என் வளைகோட்டின் மேல், கொடியில் குருவிகள் மாதிரி வந்து உட்கார்ந்தன.

கணக்கு விளையாட்டுதான். அழித்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

மேடத்துக்கு நிலவர அறிக்கை அனுப்பினேன். வேறு விசேஷம் இல்லை.

காலை: பிரெட் இரண்டு துண்டு. மதியம்: மோர். இரவு: எதுவும் இல்லை. குமட்டல்: நாள் முழுவதும். தேவசகாயத்தின் கருவாடுதான் காரணம், பாட்டில் அலமாரிக்குள் மூடியிருந்தாலும்கூட.

ஜூலை 13, சனி

வீட்டிலிருந்து கோமதி கூப்பிட்டாள். மகள் ஸ்வேதாவுக்குப் பள்ளியில் நீச்சல் வகுப்பில் சேர வேண்டுமாம். "இந்த வருஷம் வேலை நிரந்தரம் ஆயிடும்ல? அப்பா அம்மாகிட்ட ஆயிடும்னு சொல்லிட்டேன்ங்க" என்றாள். ஆகிவிடும் என்றேன்.

"அந்த ரூம்மேட் இன்னும் அப்படித்தானா?"

சொன்னேன். துண்டு, சாவி, செருமல் எல்லாவற்றையும். முதலில் சிரித்தாள். அப்புறம், "உங்களுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. ஸ்வேதா வாந்தி எடுத்தப்பவே நீங்க வெளியே போய் நின்னவர்தானே" என்றாள். அதை இப்போது எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

இரண்டாவது ஓட்டம். இந்த முறை துத்தநாகத்துக்கு முன்னால் ஒரு தங்கத் தகடு, பின்னால் ஒன்று. "ரெண்டு சாட்சியும் ஒரே கதையைச் சொல்லுதான்னு பாப்போம்" என்றார் தேவசகாயம். உணர்கருவியையும் புதிதாகச் சரிபார்த்தார். தகட்டைத் தராசில் நிறுத்தார், எனக்கும் காட்டினார், என்னையும் நிறுக்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட என் கணக்கு தப்பு என்று அவர் சொல்லவில்லை. தன் பக்கத்தில் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டே இருந்தார். எரிச்சலாக வந்தது.

இரண்டு தங்கமும் ஒரே கதையைச் சொல்லின. அறுபது.

ஜூலை 16, செவ்வாய்

காணொளியில் மேடம். பின்னால் வெள்ளைச் சுவர், ஒரே ஒரு ஓவியம். நாங்கள் இருவரும் எண்ணும் அறையில், ஒரே மடிக்கணினி முன்னால் தோளோடு தோள். களிம்பு நெடி.

"தேவசகாயம் சார், பிரமாதமா வேலை பண்ணியிருக்கீங்க" என்று ஆரம்பித்தார் மேடம். "ஒரு சின்ன சஜஷன். தங்கத் தகடு ரொம்ப மெல்லிசு. பெண்ட் ஆயிருக்கலாம், தள்ளி உக்காந்திருக்கலாம். அதை விட்டுட்டு, மெஷினோட கரண்ட் ரீடிங்கை வச்சு நார்மலைஸ் பண்ணிக்கலாமே. டிரான்ஸ்போர்ட் லாஸ் ஒரு நாப்பது பர்சென்ட் எடுத்துக்கிட்டா டேட்டா, தியரி ரெண்டும் ரொம்ப அழகா ஒத்துப்போகுது."

தேவசகாயம் மடிக்கணினிப் பக்கம் குனிந்தார்.

"நாப்பதுன்னு எப்பிடி மேடம் முடிவு பண்ணுனீங்க?"

"ரீசனபிள் நம்பர்தானே."

"தங்கம் அஞ்சு சதவீதத்துக்கு மேல இழப்பு இல்லன்னு சொல்லுதே. முன்னால வச்சதும் பின்னால வச்சதும். நாப்பதுன்னு போடணும்னா, முடிவை மொதல்ல வச்சிக்கிட்டு நம்பரைப் பெறவு கண்டுபிடிக்கணும்."

மேடம் சிரித்தார். "அப்படிச் சொல்லாதீங்க சார். இது வெளியிலேர்ந்து வந்த ஐடியா இல்ல. நம்ம டீமுக்குள்ளேருந்தே வந்ததுதான்."

நான் திரையின் மூலையில் இருந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனோ அது தலையசைத்தது.

"யோசிச்சு சொல்லுதேன்" என்று தேவசகாயம் எழுந்து போனார். வராந்தாவில் செருமித் துப்பினார். அதைக் கேட்டு மேடத்தின் மூக்கு சுளித்ததைப் பார்த்தேன். "பாவம் நீ, நந்து" என்றார் மேடம்.

குமட்டல்: உண்டு.

ஜூலை 17, புதன்

காலையில் தகட்டை மாற்றும்போது, முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கேன். தப்பா நினைக்காதிய. அந்த நாப்பது, நீங்க மேடத்துக்குச் சொன்னதா?"

"இல்லை சார்."

"செரி." இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. "எனக்கும் தோணிச்சி, நீங்க அப்பிடிப்பட்ட ஆளு இல்லன்னு. ரெண்டு வாரம் கூட இருந்தா மனுசன் தெரிஞ்சிரும்லா. மன்னிச்சிக்கிடுங்க, கேட்டிருக்கப்படாது."

இரவு: சாப்பிடவில்லை.

ஜூலை 18, வியாழன்

அசிங்கம். எழுதத்தான் வேண்டுமா? டாக்டர் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்.

காலை தேநீர் குடித்தவுடன் வாந்தி. குளியலறை வரை போக முடியவில்லை. அறையின் நடுவில், என் மேல், அவர் கட்டில் விளிம்பில், அவருடைய செருப்பில். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாந்தியைப் பார்த்தே இன்னொரு முறை வந்தது.

தேவசகாயம் ஓடிவந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். அந்தக் கை. விலக வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை.

"வரட்டும் சார், வரட்டும். அடக்காதிய. எல்லாம் வந்திரட்டும்."

சட்டையைக் கழற்றி என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார். பழைய செய்தித்தாளை எடுத்து, தரையில் இருந்ததை வெறுங்கையால் அள்ளினார். ஒரு முகச்சுளிப்பும் இல்லை. ஏதோ சிந்திய அரிசியைக் கூட்டுவது போல. அள்ளியபடியே பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கடைசி வருடம் படுக்கையில் இருந்தாராம். "மூணு வேளையும் இதே சோலிதான் எனக்கு. நாத்தம்லாம் ரெண்டு நிமிசம் சார். பெறவு மூக்குக்கு வேற வேலை வந்திரும்." என் சட்டையைத் துவைத்து, தன் பனியன்களை ஓரமாகத் தள்ளி, ஜன்னலில் காயப்போட்டார்.

சமையல்காரரிடம் சொல்லிக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். குடித்தேன். நின்றது.

அவர் கையைக் கழுவினாரா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஜூலை 20, சனி

மேடத்திடமிருந்து போன். குரலில் எப்போதும் போல நிதானம்.

"தேவசகாயம் ஒரு மெயில் போட்டிருக்கார், நந்து. தங்கத்தை விட்டுட்டு எழுதுற பேப்பர்ல தன் பேர் வேண்டாமாம். அது பரவாயில்லை. இன்னொரு வரி எழுதியிருக்கார். 'இந்த யோசனை குழுவிலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னது தவறு. நான் நந்தகோபாலிடம் நேரில் கேட்டேன். அவர் அப்படிச் செய்யக்கூடியவர் அல்ல.' உனக்காக என்கிட்ட சண்டை போடுறார்." லேசாகச் சிரித்தார். "நான் ஒண்ணும் பதில் போடலை. உன் மெயிலை அவருக்கு ஃபார்வர்ட் பண்ணலை. நீ எனக்குப் பையன் மாதிரி. ரிவ்யூல நீ தியரியை மட்டும் காட்டு. மெஷர்மென்ட் தொடர்கிறதுன்னு ஒரு வரி போட்டா போதும். பொய்யும் இல்ல, பாரு."

நன்றி மேடம் என்றேன். நன்றி என்றுதான் சொன்னேன்.

போனை வைத்த பிறகு வாயெல்லாம் எண்ணெய் தடவினது போல் இருந்தது. பல் துலக்கினேன். மறுபடியும் துலக்கினேன். இத்தனை வருடமாகச் சுத்தம் என்று நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? அந்தக் குரல், அந்த வெள்ளைச் சுவர். மேடம் என்னைக் காப்பாற்றவில்லை. ஒரு குப்பியில் போட்டு மூடி, பெயர் எழுதி, அலமாரியில் வைத்துக்கொண்டார்.

இதுவரை சாப்பிட்டது: கஞ்சி. குமட்டல்: உணவால் அல்ல.

ஜூலை 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எண்ணும் அறையில், மதியம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அந்த நாற்பது நான் சொன்னதுதான். பத்தாம் தேதி போட்டுப் பார்த்தேன். பதினொன்றாம் தேதி மேடத்துக்கு மெயிலில் எழுதினேன். அவங்க கேட்கவே இல்லை. நானாகத்தான் எழுதினேன்" என்றேன். ஒரே மூச்சில் வந்தது. அன்றைக்கு வந்த வாந்தியைப் போலவே.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அப்போ நான் மேடத்துக்கு எழுதுனது?"

"தெரியும் சார். மேடம் சொன்னாங்க."

"நீங்க என்கிட்ட இல்லன்னு சொன்னியளே."

"சொன்னேன்."

அவர் கையைத் தொட நீட்டினேன். ஏன் என்று தெரியாது; நான் யாரையும் தொடுகிறவன் அல்ல. அவர் கையை இழுத்துக்கொண்டார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் லேசாகச் சுருங்கி, உதட்டின் ஓரம் கீழே இறங்கியிருந்தது. பூஞ்சை, பனியன், கருவாடு என்று மூன்று வாரமாக நான் சுமந்து திரிந்த முகம் வெளியிலிருந்து பார்க்க இப்படித்தான் இருந்திருக்கும். என்னை நோக்கி யாரும் அப்படிப் பார்த்ததில்லை. தோலை உரித்தாற்போல் இருந்தது.

"சோத்துல ஈ விழுந்தா எடுத்துப் போட்டுட்டுத் திம்பேன் சார்" என்றார் மெதுவாக. "எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. இது வேற."

எழுந்து வெளியே போனார். செருமல் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

பேச்சு இல்லை. வேலை நடந்தது. "தகடு." "நேரம்." "போதும்." அவ்வளவுதான்.

ஜூலை 24, புதன்

கடைசி ஓட்டம் முடிந்தது. அறுபத்தொன்று.

கோமதிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வுக் குழு முன் உண்மையான புள்ளிகளைக் காட்டப் போகிறேன் என்றும் சொன்னேன். "மேடம்தான் ஒரு வரி போட்டா போதும்னு வழி காட்டிட்டாங்கல்ல? அப்புறம் எதுக்கு நீங்களா போய் மாட்டிக்கணும்?" என்றாள். நியாயமான கேள்விதான். "அதைக் காட்டினால் அந்த மருத்துவமனை இயந்திரம் வாங்கிவிடும். செம்பு வராது" என்றேன். "அது அவங்க பாடு" என்றாள். பிறகு, "ஸ்வேதாவை நீச்சல்ல சேர்த்தாச்சுங்க. அதை மாத்த மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அழுதாளா என்று தெரியவில்லை.

ஜூலை 26, வெள்ளி

ஒரே ரயில், வேறு வேறு பெட்டி. அவர் கேட்டு மாற்றிக்கொண்டார்.

காலை: இட்லி. முழுவதும் சாப்பிட்டேன். ருசி பார்க்கவில்லை.

ஆகஸ்டு 3, சனி

வீட்டிலிருந்து என் கணினி நிரலை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒளித்துகள் கருவைக் குலுக்குகிறது. குலுங்கிய கரு எதையாவது உதறித் தள்ள வேண்டும்: நியூட்ரானா, புரோட்டானா? அதை முடிவு செய்யும் ஒரு எண் துத்தநாகத்துக்கு இதுவரை யாரும் அளக்காதது. இரண்டு இடம் தள்ளி இருக்கும் நிக்கல் அணுவுக்கு உள்ளதைப் போட்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதைக் கொஞ்சம் நகர்த்தினால் என் கோடு இறங்குகிறது. புள்ளிகளுக்கு ஏற்ப நகர்த்திவிடலாம். ஒரு நிமிட வேலை.

நிறுத்தினேன். அதுவும் அதே வேலைதான், இந்த முறை மறு பக்கத்திலிருந்து. கோட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

மேடத்துக்கு எழுதினேன், தங்கத்தை வைத்து எடுத்த புள்ளிகளைக் காட்டப் போகிறேன் என்று. பதில் ஒரே வரி: "உன் விருப்பம், நந்து."

ஆகஸ்டு 9, வெள்ளி

குளிரூட்டிய அறை, நீள்வட்ட மேசை. குழுவில் ஐந்து பேர். மருத்துவமனை அறக்கட்டளையிலிருந்து ஒருவர். தேவசகாயம் கடைசி நாற்காலியில், என்னைப் பார்க்காமல். மேடம் வெளிர் நீலப் புடவையில், பேனாவை மூடி வைத்துக்கொண்டு.

வளைகோட்டைக் காட்டினேன். அதற்குக் கீழே, தள்ளி, புள்ளிகளைக் காட்டினேன். இடைவெளி திரையில் பெரிதாகத் தெரிந்தது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்குக்கும் அளவுக்கும் இவ்வளவு வித்தியாசமா? எது தப்பு?"

"கணக்கு, சார்."

"எங்கே தப்பு?"

"தெரியலை. ஒரு எண் மேல சந்தேகம் இருக்கு. அதை யாரும் அளக்கலை. ஆனா தங்கம் சரியாத்தான் சொல்லுது. தேவசகாயம் சார் அதை மூணு விதமாச் சோதிச்சுப் பார்த்திருக்கார்."

அறக்கட்டளைக்காரர் தன் ஃபைலை மூடினார். கோபமாக அல்ல, சாப்பிட்டு முடித்த இலையை மடிப்பது போல. இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார்.

மேடம் கையில் கோப்பையோடு என்னிடம் வந்தார். "காபி எடுத்துக்கோ நந்து, ஆறிடும்" என்றார். பிறகு, ஏதோ மறந்ததை நினைவுபடுத்திக்கொள்வது போல, "அக்டோபரோட உன் கான்ட்ராக்ட் முடியுது இல்ல?" என்றார். ஆமாம் மேடம் என்றேன். தலையசைத்துவிட்டு நகர்ந்தார். அவர் நின்ற இடத்தில் நல்ல வாசனை இருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது.

வெளி நடைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவைத்து மூச்சு வாங்கினேன். கீழே யாரோ குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் காலடி. திரும்பாமலே தெரிந்தது. தேவசகாயம் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றார். இடையில் இரண்டு ஆள் தூரம். மன்னித்துவிட்டேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சரிகிற குப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த எண்ணு. துத்தநாகத்துக்கு ஒருத்தருமா அளக்கல?"

"இல்லை சார்."

"ஏன்?"

"புரோட்டான் ரொம்ப மெதுவா வெளியே வரும். தகடு தடிமனா இருந்தா உள்ளேயே நின்னுடும். மெல்லிசா இருந்தா எண்ணிக்கை போதாது."

"எவ்வளவு மெல்லிசு?"

சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். மனசுக்குள் எதையோ கணக்குப் போடுவது தெரிந்தது.

"தகட்டை அவ்வளவு மெல்லிசா அடிச்சுப் பாக்கலாம்" என்றார், தனக்குத்தானே போல. பிறகு, முகத்தைத் திருப்பாமலே: "சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.